அளவுச் சட்டை வைத்து எழுதிய மனு

சித்தி யாருக்கும் நாடா பிடித்து அளவெடுத்ததில்லை. "உனக்குச் சரியா இருக்குற பழைய சட்டை ஒண்ணு கொண்டா, போதும்" என்பாள். அதைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை ஓட்டிவிடுவாள். வீட்டின் முன் அறைதான் அவள் கடை.

விவாகரத்தையும் அப்படித்தான் தைக்கப் பார்த்தாள்.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. லாரி ஓட்டும் சித்தப்பா எப்போதாவது வருவார். வந்தால் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. கடைசியில் பிரிந்துவிடலாம் என்று சேர்ந்தே முடிவெடுத்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

"ரெண்டு பேருமே சரிங்கிறோம், நடுவுல வக்கீல் எதுக்கு?" என்ற சித்தி, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் விவாகரத்து மனு நகலை வாங்கிவந்து என் முன்னால் போட்டாள். "இதான் அளவுச் சட்டை. பேரை மாத்தி டைப் அடிடீ. வீட்டுல ஒரு பட்டதாரி இருக்கும்போது எனக்கென்ன குறை?"

அடித்தேன். 'ஒருவர் சொத்தில் மற்றவருக்கு எந்த உரிமையும் இல்லை' என்ற கடைசிப் பத்தி எனக்குக் கம்பீரமாகக்கூடப் பட்டது.

குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி அம்மா அந்தப் பத்தியில் நின்றுவிட்டார். "வீடு யார் பேர்லம்மா?"

"அவர் பேர்லங்க."

"தையல் கடை?"

"அந்த வீட்டு முன் அறைதாங்க."

"அதுவும் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. நாளைக்கு அவர் வீட்டை வித்தா எங்க உக்காந்து தைப்பீங்க?"

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "அது... அளவுச் சட்டையில இருந்ததுங்க" என்றாள்.

நான் விளக்கியதும் நீதிபதி சிரிப்பை மறைக்க வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். மனுவைக் கொடுத்த பக்கத்துத் தெருப் பெண் இருந்தது வாடகை வீட்டில். விட்டுக்கொடுக்க அவளிடம் எதுவுமில்லை. "உத்தரவு போட்டப்புறம் வந்து அழுதா மாத்துறது லேசில்லம்மா. இலவச சட்ட உதவியில ஒரு வக்கீலைப் பாருங்க" என்று வழக்கைத் தள்ளிவைத்தார்.

சட்ட உதவி மையத்தில் இருந்த இளம் பெண் வக்கீல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். மெஷின் யார் வாங்கியது, அறைக்குத் தனி வாசல் உண்டா, மின் இணைப்பு யார் பேரில். இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இத்தனை வருடப் படிப்பில் பதில் எழுத மட்டும்தான் பழகினேனோ?

முன் அறை சித்திக்கே என்று புது மனு தயாரானது. சித்தப்பாவுக்கு ரோசம். "நான் என்ன உன்னைத் துரத்திவிடவா போறேன்? வாய் வார்த்தை போதாதா?"

"வாய் வார்த்தையிலதான் குடும்பமே ஓடுச்சு. இதையாவது எழுதி வச்சுப்போம்."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்ல" என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது சித்தியின் பார்வை வக்கீலின் கறுப்புக் கோட்டில் விழுந்தது. தோள் இரண்டும் தொங்கின.

"யார் அளவுல தைச்சாங்கம்மா இதை?"

"எங்க அக்காவோடது" என்று வக்கீல் சிரித்தார்.

மறுவாரம் வக்கீல் அந்தக் கோட்டோடு கடைக்கு வந்தபோது, சித்தி மேசை இழுப்பறையின் அடியிலிருந்து உறை பிரிக்காத அளவு நாடாவை எடுத்தாள்.

"நேரா நில்லுங்க" என்றாள்.