தலை வழிக்கும் கோல்

காலை ஏழு மணிக்குத் திருவானைக்காவல் அரிசிக்கடையில் முதலில் என் கண்ணில் பட்டது, முதலாளியின் கையிலிருந்த சிறு கோல். வெளுத்த கதர்ச்சட்டை, நெற்றி நிறைய விபூதி. அறுவடையில் நெல் வாங்கும்போது மரக்காலைக் கோபுரமாகக் குவித்து அளப்பார். அரிசி விற்கும்போது அந்தக் கோலால் படியின் தலையை வழித்துவிடுவார்.

அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். தை மாதம் அவருக்கே நெல் விற்ற கொள்ளிடக்கரைப் பெண் ஒருத்தி, பிள்ளைகளின் சோற்றுக்கு ஒரு படி அரிசி வாங்க வந்திருந்தாள்.

"எங்க நெல்லை அளக்கும்போது இந்தக் கோல் எங்கேங்க போச்சு?"

"வாங்குறப்ப மனசு நிறையணும்மா. விக்கிறப்ப ஒரு மணி அரிசி முன்னே பின்னே இருக்கக் கூடாது. அதான் நியாயம்."

அவள் முந்தானையை விரித்தாள். அவர் வழித்து அளந்தார்.

அவர் முகத்தில் கபடமே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றும் புரியவில்லை. அந்த வாரம் ஊரில் நியாய விலைக் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். தலைவர் அவர்தான்.