எபினேயை மூன்றாக வெட்டிய பட்டியல்

எபினேயை மூன்று துண்டாக வெட்டியது நான்தான். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பாதியும் மூன்று நிறப் பேனைகளும் போதுமாக இருந்தன. இடையில் ஒரு பிளேன்ரீ குடித்தேன். கை நடுங்கியது, மனம் உறுத்தியது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடுங்கவில்லை. நல்ல உற்சாகமாகத்தான் கோடு கீறினேன்.

பிரான்சில் இருக்கிற எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு சங்கம் உண்டு. பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், ரூ பஜோல் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அறைதான் அதன் அலுவலகம். பரிஸ் நகரிலும் சுற்றியுள்ள புறநகர்களிலும் இருக்கிற அங்கத்தவர்களை ஏழு வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்து, அந்த ஏழு பேர் கூடித்தான் எல்லாவற்றையும் முடிவெடுப்பார்கள். வட்டாரங்களின் எல்லையை மட்டும் தலைவரும் செயலாளரும் இருக்கிற நிர்வாகக் குழு காலத்துக்குக் காலம் மாற்றலாம் என்று சங்கத்தின் சட்டப் புத்தகமான யாப்பில் ஒரு வரி இருந்தது. யாப்பு எழுதிய நாளிலிருந்து அந்த வரியை ஒருவரும் தொட்டதில்லை.

வடக்குப் புறநகரான எபினேயில் எங்கள் ஆட்கள் அதிகம். அந்த ஊரே ஒரு வட்டாரம், ஒரு பிரதிநிதி. அங்கே சனிக்கிழமைகளில் நகரசபை மண்டபம் ஒன்றில் சங்கத்தின் தமிழ் வகுப்பு நடந்தது. அதை நடத்தியவர் ஓர் அக்கா. அவருடைய கணவரும் நானும் வந்த புதிதில் ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்து எழும்பியவர்கள். அந்த நண்பன் செத்து மூன்று வருடமாகியிருந்தது. செத்தவீட்டுக் கடதாசி வேலை முழுக்க நான்தான் ஓடி ஓடிச் செய்தேன்.

எங்கள் தலைவருக்கு அந்த வகுப்பு கண்ணில் விழுந்த தூசி. எல்லாம் லாச்சப்பலில், ஒரே கூரையின் கீழ், தன் கண் முன்னால் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பை மூடும் தீர்மானத்தை இரண்டு தரம் கொண்டு வந்தார். இரண்டு தரமும் எபினேயின் பிரதிநிதியும் வேறு மூவரும் சேர்ந்து நாலுக்கு மூன்றாகத் தோற்கடித்தார்கள். மூன்றாம் முறை அவர் தீர்மானத்தோடு வரவில்லை. யாப்பின் அந்த எல்லை வரியோடு என்னிடம் வந்தார்.

"உமக்குத்தானே எல்லா வீடும் தெரியும்," என்றார்.

அது உண்மை. நான் மளிகைக் கடை ஒன்றின் சாமான் வான் ஓட்டுகிறவன். தை மாதத்தில் சங்கத்தின் நாட்காட்டியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். அதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கீழ்க்கதவைத் திறக்கும் இரகசிய இலக்கம், எத்தனையாம் மாடி, லிப்ட் வேலை செய்யுமா, யார் எத்தனை மணிக்கு வேலையால் வருவார், எல்லாம் அதில் இருந்தது. கதவு இலக்கத்தைச் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லாத சனம் எனக்குச் சொல்லியிருந்தது.

நான் மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் கொள்கையும் இல்லை, தலைவர் மேலான பயமும் இல்லை. அதற்கு முந்திய தேர்தலில் நான் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றிருந்தேன். தோற்கடித்தது எபினே. வருடா வருடம் படியேறி நாட்காட்டி கொடுத்தவனுக்கு வாக்குப் போட மனம் வராதவர்கள் என்று எனக்குள் ஒரு கறுவம் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அவ்வளவுதான் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதினேன். நம்மடை ஆள். அவையின்ரை ஆள். காத்தடிக்கிற பக்கம் சாயும். தலைவரோடை கோபம், மகளின்ரை கலியாணத்துக்குப் போகேல்லை எண்டு. அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் கோடு கீறினேன். எபினேயின் ஆற்றோரக் குடியிருப்புகளைப் பக்கத்து வட்டாரமான சென் தெனியோடு சேர்த்தேன். ஸ்டேசன் பக்கத்தைச் சார்செலுக்குக் கொடுத்தேன். நடுவில் மிஞ்சிய தெருக்களைப் பொபினியோடு ஒட்டினேன். எபினேக்கும் பொபினிக்கும் நடுவில் வேறு ஊர்கள் கிடக்கின்றன. டிராம் மாறி மாறிப் போக வேண்டும். தலைவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"டிராம் ஓடுதுதானே. தொடர்பு இருக்கு," என்றார்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் தலை எண்ணிக்கை அநேகமாகச் சமம். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எபினேக்காரர் மூன்று வட்டாரத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தார்கள். தேர்தல் நடந்தது. எபினேயிலிருந்து ஒருவரும் வரவில்லை. முதல் கூட்டத்திலேயே வகுப்பை மூடும் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளைகள் வேண்டுமென்றால் லாச்சப்பலுக்கு வரட்டும் என்றார்கள். சில தாய்மார் சில கிழமை ரயிலேறிக் கூட்டி வந்தார்கள். குளிர் தொடங்க அதுவும் நின்றது.

அக்கா வழக்குப் போட்டார்.

லாச்சப்பல் முழுக்க அதுதான் கதை. மரக்கறிக் கடையிலும் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒரே தீர்ப்புத்தான்: "எங்கடை வீட்டுச் சண்டையை வெள்ளைக்காரன்ரை வாசலிலை கொண்டுபோய்ப் போட்டிட்டா." எல்லை மாற்றியது சரியா பிழையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் போன இடந்தான் பிழையாம். நானும் தலையாட்டினேன். ஒரு கிழவர் மட்டும், "இஞ்சை ஆரும் கேட்டிருந்தால் அவ அங்கை ஏன் போறா?" என்று கேட்டுவிட்டு, வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வட்டாரங்கள் சமம் என்று காட்டினால் போதும், அங்கத்தவர் பட்டியலைத் தாருங்கள் என்று எங்கள் அவோகா, அதுதான் வழக்கறிஞர், கேட்டார். குழு என்ன செய்தது தெரியுமா? என் பட்டியலை அப்படியே போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தது. கதவு இலக்கங்களை மட்டும் கறுப்பு மையால் மறைத்தார்கள். அதிலே அவ்வளவு கவனம். குறிப்புகளை என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"அது தமிழ்தானே. ஆருக்கு விளங்கப் போகுது?" என்றார் தலைவர்.

இதை எழுதும்போதுகூட எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் அன்று எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்த நாட்டில் அத்தனை வருடமும் நாங்கள் அப்படித்தானே வாழ்ந்தோம். மெத்ரோவில் பக்கத்தில் இருப்பவனைப் பற்றிச் சத்தமாகத் தமிழில் கதைப்போம். வதிவிட அனுமதிக்கு நிற்கும் பிரிபெக்தூர் வரிசையில் அலுவலரின் மூக்கைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே கதைத்திருக்கிறோம். தமிழில் சொன்னால் அது வெளியே போகாது என்று ஒரு நினைப்பு. வழக்குப் போட்டவரும் தமிழ் என்பது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

அக்காவின் அவோகா குறிப்புகளை மொழிபெயர்க்கக் கொடுத்தார். மொழிபெயர்த்தவர் பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிந்தவர். பிறகொரு நாள் கடைக்கு அரிசி வாங்க வந்தபோது நான் யாரென்று தெரிந்ததும் சங்கடப்பட்டார். "நான் எதையும் கூட்டல, குறைக்கல சார். இருந்ததைத்தான் போட்டேன்," என்றார். நான் அவருடைய அரிசி மூட்டையைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

அந்த மொழிபெயர்ப்பை அலுவலகத்தில் வைத்து வாசித்தோம். என் குறிப்புகள் பிரெஞ்சில், வரி வரியாக, இலக்கம் போட்டு இருந்தன. தமிழில் எழுதும்போது அவை சும்மா கடைவாசல் கதை போல இருந்தன. பிரெஞ்சில் அவை பொலிஸ் பைல் போல இருந்தன. அக்காவின் பெயரைத் தேடினேன். என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அங்கே இருந்தது இதுதான்: புருசன் இல்லை. தனிய. பயப்படத் தேவையில்லை.

அவருடைய கணவரின் சவப்பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கினவன்.

அக்காவின் அவோகாவிடமிருந்து எனக்குப் பதிவுத் தபால் வந்தது. குறிப்புகள் என் கையெழுத்தா, எல்லை கீறுவதற்காக எழுதப்பட்டவையா என்று சாட்சிக் கடிதம் தர முடியுமா என்று கேட்டிருந்தார். தலைவர் தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டார்.

"ஆரோ பிறகு எழுதிச் சேர்த்தது எண்டு குடுத்துவிடும். உம்மடை கையெழுத்தை ஆர் பாக்கப்போகினம்?"

"அண்ணை, அவ பாக்கப்போறா. அவவுக்கு என்ரை எழுத்துத் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன?"

தேத்தண்ணிக் காசை மேசையில் வைத்தேன். எழும்பி வந்துவிட்டேன்.

இந்த நாட்டில் சாட்சிக் கடிதத்தைக் கைப்பட எழுத வேண்டும். பொய் சொன்னால் தண்டனை உண்டென்று எனக்குத் தெரியும் என்ற வரியையும் கைப்படவே எழுத வேண்டும். வழக்காடுபவர்களுக்கும் உங்களுக்கும் உறவு, நட்பு, வேலைத் தொடர்பு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. அந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் இருந்தேன். தலைவர் என் மனைவிக்குத் தூரத்து மாமா. அக்கா உறவில்லை. ஆனால் அவர் சமைத்த சோற்றை நான் எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருக்கிறேன். கடைசியில் பிரெஞ்சில் எழுதினேன்: நண்பனின் மனைவி. பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்திருக்கும். செயலாளர் பதவியில் தோற்ற கோபத்தையும் எழுதினேன். அது அவர்கள் கேட்காதது.

விசாரணை நாளில் போர்த் து கிளிஷியில் இருக்கிற அந்த உயரமான நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பின் வரிசையில் இருந்தேன். அக்கா முன்னால், கோட்டைக் கழற்றாமல் இருந்தார். அவருடைய அவோகா என் குறிப்புகளில் சிலவற்றை வாசித்தார். அந்த மூன்று வசனத்தையும் வாசித்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டும், ஒரு தரம் பார்த்தால் நல்லதென்று நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

தீர்ப்பு வர மாதக்கணக்கானது. எல்லை மாற்றும் உரிமை குழுவுக்கு உண்டு, ஆனால் அங்கத்தவரில் ஒரு பகுதியினரின் குரலை அடைப்பதற்கென்றே அதைப் பயன்படுத்த முடியாது, குறிப்புகள் அதைத்தான் காட்டுகின்றன என்று நீதிபதி எழுதியிருந்தார். தேர்தல் செல்லாது. புதிய எல்லை, புதிய தேர்தல். தலைவர் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் தட்டோடு மற்றப் பக்கம் போவார். அது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. ஆனால் எபினே மண்டபத்தின் சனிக்கிழமையை நகரசபை அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்திருந்தது. வகுப்பு நின்று இரண்டு வருடம்.

பொதுக்கூட்டம் லாச்சப்பலில் கூடியது. புதிய எல்லையை யார் கீறுவது என்ற கேள்வி வந்தது. அக்கா எழும்பினார்.

"தம்பியே கீறட்டும். அவருக்குத்தான் எங்கடை வீடுகள் தெரியும்."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"என்னாலை ஏலாது அக்கா. எந்தத் தெருவைப் பாத்தாலும் ஆர் ஆரின்ரை பக்கம் எண்டுதான் முதல்ல வருது. அதை மறந்துபோட்டுக் கீற எனக்குத் தெரியாது."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, அப்படியானால் ஊரை ஊராகவே விடலாம், நகரசபை எல்லைதான் வட்டார எல்லை என்றார். கை உயர்த்தினார்கள். எபினே மறுபடி எபினே ஆனது. கால் மணித்தியாலம் கூட எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கொப்பியோடு பக்கத்தில் வந்தார். வகுப்பைத் திரும்பத் தொடங்கப் போகிறாராம், மண்டபம் கேட்டு நகரசபைக்கு எழுத வேண்டுமாம்.

"எத்தினை பிள்ளையள் எண்டு கேக்கினம். பழைய பிள்ளையள் வளந்திட்டுதுகள். எந்த வீட்டிலை எத்தினை சின்னனுகள் எண்டு சொல்லுங்கோ தம்பி, நான் எழுதிறன்."

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் எபினேயின் தெருத் தெருவாக, படி படியாக நினைவில் ஏறினேன். யார் யாருக்கு வாக்குப் போடுவார், யார் யாரோடு கோபம், எல்லாம் வந்தது. பிள்ளைகள் வரவில்லை. வாக்கில்லாதவர்களை நான் எழுதவேயில்லை.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றேன்.

நாட்காட்டியோடு போய் மணியை அடித்தால், அந்த வீடுகளில் ஓடி வந்து கதவைத் திறந்தது அநேகமாகப் பிள்ளைகள்தான். அத்தனை வருடமும் நான் அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அப்பா வீட்டிலை நிக்கிறாரோ?