குட் மார்னிங் சொன்ன மீன்கள்

சப்... சப்... சப்...

விடிந்தும் விடியாத நேரம். வடமதுரைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் குட்டை வெட்டி முதன்முதலாக மீன் விட்டிருந்த வருஷம் அது. கட்லாவும் ரோகுவும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குட்டை முழுக்க அந்தச் சத்தம்தான். எனக்கோ பூரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க, நம்மளப் பாத்ததும் எம்புட்டு ஆசையா வருது பாருங்க!"

வீட்டுக்காரர் தீவனம் எடுக்க ஓடினார். நான் வீடியோ எடுத்து, 'குட் மார்னிங்' போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன்.

அந்த குரூப்பே ஒரு கூத்து. மீன்குஞ்சு வாங்கின இடத்தில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். உள்ளே போனால் அத்தனை பேரும் கடலோரத்து இறால் பண்ணைக்காரர்கள். எந்நேரமும் உப்புத்தண்ணீர்ப் பேச்சு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதைதான். ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு ஆள் இல்லை...

மறு நிமிஷமே போன். வேதாரண்யத்திலிருந்து செல்வராசு அண்ணன். அதுவரை குரூப்பில் பேரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"தங்கச்சி, தீனி போட்டுட்டீங்களா?"

"இப்பத்தாண்ணே போடப் போறோம்."

"போடாதீங்க! அது பசி இல்ல, மூச்சு முட்டுது. தண்ணில காத்து இல்ல. மோட்டாரப் போட்டு தண்ணியப் பீச்சி அடிங்க."

"த்ரீ பேஸ் கரண்டு ஒம்போது மணிக்குத்தாண்ணே வரும்..."

எட்டு மாசம் வளர்த்த மீன்!

"அப்ப எல்லாரும் உள்ள எறங்கித் தண்ணிய அடிங்க!"

வீட்டுக்காரர் கைலியோடு குதித்தார். தேங்காய் வெட்ட அப்போதுதான் வந்த நாலு பேரும், "என்னாச்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆளுக்கொரு தென்னை மட்டையோடு இறங்கினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். கரையில் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து அண்ணன் கபடி கமெண்ட்ரி மாதிரி கத்துகிறார்... "அடிங்க! விடாதீங்க! நடுவுல போய் அடிங்க!"

ஒருத்தர் அடித்த தண்ணீர் இன்னொருத்தர் வாய்க்குள். அந்த நேரத்திலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெயில் ஏற ஏற மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

"மேல ஏதாச்சும் தெரியுதா தங்கச்சி?"

"ஏழெட்டுதாண்ணே செத்துருக்கு. மத்ததெல்லாம் உள்ள போயிருச்சு!"

அப்பாடா என்று அவர் மூச்சு விட்டது குட்டை நடுவரைக்கும் கேட்டது. பிறகு சொன்னார்... "மொத வருசம் எனக்குச் சொல்ல ஆளில்ல. மொத்தக் குளமும் போச்சு."

இப்போது எங்கள் குட்டையில் காற்றடிக்கும் ஏரேட்டர் சுற்றுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் போனில் ஆப் கூவுகிறது. சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன் பிழைத்தால் அந்த மெஷினுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லையே...

அதனால் அலாரம் ஓய்ந்ததும் வேதாரண்யத்துக்கு ஒரு போன் போட்டு, "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.