தறிக்குழியின் சுவர்க்கோழிகள்

ஐப்பசி அடைமழையில் ஈரக் களிமண் வாசனை ஏறிய எங்கள் தறிக்குழிக்குள் கால் வைத்ததும், அதுவரை விடாமல் கத்திக்கொண்டிருந்த "சுவர்க்கோழிகள்" என்னும் பூச்சிகள் சட்டென்று அடங்கிப்போகும். மழை விடும்வரை தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்ட முடியாது என்பதால் தறிக்கு வேலையிருக்காது; நானும் தங்கை வசந்தாவும் குழியில் இறங்கி, பூச்சிகளைப் பிடித்துத் தீப்பெட்டிகளில் அடைப்போம். அவ்வளவு சந்தோஷமான மழைக்காலம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

பள்ளிக் கண்காட்சிக்காக அவற்றை வகை பிரித்தேன். அப்பா சேலைகளைக் கரை பார்த்து அடுக்குவதுபோல, நானும் பூச்சிகளின் முதுகைப் பார்த்து அடுக்கினேன். இறக்கையில் நெளிகோடு ஓடியது ஒரு வகை. கோடில்லாமல் வாலில் நீண்ட ஊசி வைத்திருந்தது வேறு வகை, அதற்கு "ஊசிவாலி" என்று பெயர் வைத்தேன். இப்படி எட்டு வகை சேர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணா," என்றாள் வசந்தா. "கத்தறது ஆம்பள, ஊசி வச்சிக்கினு இருக்கிறது பொம்பள. மண்ணுல குத்தி முட்டை வுடுது, வந்து பாரு."

அறுந்த இழையை முடியத் தெரியாதவள் எனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டாள் என்று கேலி செய்தேன். மறுநாள் தனியாகக் குழியில் குந்திப் பார்த்தபோது அவள் சொன்னதுதான் நடந்தது. எட்டை அடித்து நான்கு என்று எழுதினேன்.

கண்காட்சியில் அறிவியல் ஆசிரியர், ஊசி உள்ளதும் இல்லாததும் ஒரே வகை என்று கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். வசந்தா பக்கத்தில்தான் நின்றாள். "நான்தான் சார்," என்றேன். அன்று மாலையே அவர் வீட்டுக்கு வந்து, இவனை மேலே படிக்க வையுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்றிருந்த வீட்டில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. நான் விலங்கியல் பேராசிரியனாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அவள் தறியில் உட்கார்ந்தாள்.

செவிலிமேட்டில் அவள் வீட்டில் இன்றும் தறி ஓடுகிறது. குழிக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். முட்டையிட மண் இல்லாததால் சுவர்க்கோழிகள் வருவதில்லை. போன வாரம் அந்தக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஊடு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"ரொம்ப நாளு கோவமாத்தான் இருந்துது. இப்ப இல்லண்ணா. ஆனா நாலுன்னு எழுதினியே, அதுவும் தப்பு. நம்ம குழியில மண்ணத் தோண்டிக்கினு இருக்குமே பிள்ளப்பூச்சி, அதுவும் இந்தக் கூட்டந்தான். அத வுட்டுட்ட. இதுல ப்ரொபசரு வேற."

சிரித்துவிட்டேன். அவள் சொன்னது சரி. எங்கள் தறிக்குழியில் இருந்தவை ஐந்து வகை. பிரித்துச் சொன்னவள் என் தங்கை வசந்தா.