போல்ட்டுவுக்குச் சோறு ஊட்டிய நாள்

தோருலதா நஸ்கரிடம் பயிற்சிக்குப் போன பெண்கள் முதல் நாளே ஒரு முறையாவது கீழே விழுந்துதான் எழுந்திருப்பார்கள். சுந்தரவனத் தீவுகளில் அங்கன்வாடி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள்தான் மேற்பார்வையாளர், பயிற்சி கொடுப்பதும் அவள்தான். வீட்டுக்குப் போய்த் தாயிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அரசாங்கப் பாடத்தில் ஒரு நாடகம் உண்டு. ஒருத்தி தாய், ஒருத்தி மாமியார், ஒருத்தி பணியாளர். தோருலதா அதில் குடிகாரப் புருஷனையும் சேர்த்துக்கொண்டாள். அந்த வேடத்தை வேறு யாருக்கும் விடமாட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலை மறித்து நிற்பாள். வருகிறவளைப் பிடித்துத் தள்ளுவாள், நிஜமாகவே.

"எவடி என் பொண்டாட்டிக்குப் புத்தி சொல்ல வந்தவ?"

"தீதி, வலிக்குது!" அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வலிக்காம? அங்க அவன் உனக்கு மாலை போட்டா கூப்பிடுவான்? எந்திரி. திரும்ப வா."

அவள் பட்டதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். சின்ன வயதில் அவள் முதன்முதலாகப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று புருஷன் துடுப்பால் முகத்தில் அடித்தான். வீங்கிய தாடையோடு ஒரு பக்கமாக மென்று தின்றுகொண்டே பயிற்சியை முடித்தாள். திரும்பி வந்ததும் அவன் மறுபடி துடுப்பை எடுத்தான். இவள் மீன் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையை எடுத்தாள். அவன் தொடையில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் ஒரு தரம் யோசித்துத்தான் கேட்டான்.

அவளிடம் பயின்றவர்களில் அதிகம் விழுந்தவள் ஷிபானி ம்ருதா. ஒல்லிப் பெண், சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அவளுடைய மையத்தில் போல்ட்டு என்று ஒரு பிள்ளை இருந்தது. வயது எட்டு மாதம். எடைத் தராசில் துணித்தொட்டில் கட்டி அதில் போட்டால் முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும். தாய் ஜோத்ஸ்னாவுக்குப் பால் வற்றிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது பிள்ளை.

சோறு இல்லாமலில்லை. முதல் சோற்றைத் தாய்மாமன் ஊட்ட வேண்டும், அதுதான் தடை. மாமன் பிஷ்ணுபதன் கால்வாய்க்கு அக்கரையில் நண்டு பிடிக்கிறவன். தங்கை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அவள் புருஷன் நிதாய் அவள் வயிற்றில் உதைத்தான் என்று கேள்விப்பட்டு வந்து, நண்டுக் கொக்கியால் நிதாயின் காதைக் கிழித்துவிட்டுப் போனவன். "அவன் என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாத்தான் அந்த வீட்டு வாசல்ல கால் வைப்பேன்" என்றான். "அவன் காலை வெட்டி நாய்க்குப் போடுவேன்" என்றான் நிதாய். இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் போல்ட்டு காய்ந்துகொண்டிருந்தான்.

மையத்தில் வைத்து ஊட்டிவிடலாமா என்று ஷிபானி வந்து கேட்டபோது தோருலதா எரிந்து விழுந்தாள்.

"ஆறு மாசம் முடிஞ்சா வாயில சோறு. இதைத்தானே படிச்சுக் கொடுத்தேன்? மாமன் சண்டை முடிச்சு வர்றதுக்குள்ள பிள்ளை போய்ச் சேர்ந்துடும்."

"ஊர்ல பேசுவாங்களே தீதி?"

"மையம் என்ன அவங்க வீடா? இங்க சடங்கு கிடையாது, சோறு மட்டும்தான். நானே வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன், போதுமா?"

அதுபோலவே வந்து உட்கார்ந்தாள். அரிசியும் பருப்பும் குழைய வெந்த கிச்சுரியை ஷிபானி மசித்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஊட்டினாள். போல்ட்டு முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதை விழுங்கினான். மூன்றாவதற்கு அவனே வாயைத் திறந்தான். ஜோத்ஸ்னா அழுதாள்.

மருமகளோடு மையத்துக்கு வந்திருந்த நிதாயின் அம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சங்கை எடுத்து ஊதினாள், கூட வந்த பெண்கள் குலவையிட்டார்கள். "மாமன் இல்லாமலே எங்க பிள்ளை சோறு தின்னாச்சு! அக்கரைக்குக் கேக்கட்டும்!"

"ஏய் கிழவி, நிறுத்து!" என்று தோருலதா எழுந்தாள். ஆனால் சங்கும் குலவையும் சேர்ந்து சாப்பாட்டைச் சடங்காக்கிவிட்டன. தண்ணீர் மேல் சத்தம் வெகுதூரம் போகும்.

பிஷ்ணுபதன் படகில் வரவில்லை, நீந்தி வந்தான். உடம்பெல்லாம் சேறு, கையில் வெட்டுக்கத்தி. நேரே உள்ளே வந்தவன் கிழவியின் கையிலிருந்த சங்கைத் தட்டிவிட்டான். "எவ ஊட்டினது?"

ஷிபானியின் விரலில் இன்னும் கிச்சுரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டான். கத்தியை ஓங்கியபோது அவள் ஓடவில்லை. ஓடினால் மடியில் இருக்கும் பிள்ளை விழும். அப்படியே குனிந்து பிள்ளையை மூடிக்கொண்டாள். தோருலதா இடது கையை நீட்டிக் கத்தியைத் தடுத்தாள். சுண்டுவிரலும் அடுத்த விரலும் பாயில் விழுந்தன.

அதே வேகத்தில் அவள் தலையால் அவன் மூக்கில் முட்டினாள். அவன் மல்லாந்து விழுந்தான்.

அதற்குள் நிதாயும் அவன் தம்பிகளும் மூங்கில் கழிகளோடு வந்துவிட்டார்கள். விழுந்து கிடந்தவனை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு அடித்தார்கள். வாயில் அடித்தார்கள், முழங்காலில் அடித்தார்கள். "காலைத் தொடணுமாடா? இந்தா, தொடு!" நிதாய் அவன் கழுத்தில் மிதித்து நின்றான்.

"அண்ணன் செத்தா நான் பிள்ளையோட ஆத்துல இறங்கிடுவேன்!" என்று ஜோத்ஸ்னா அலறினாள். ஷிபானியின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கரைப்பக்கம் ஓடவும் தொடங்கினாள்.

தோருலதா வெட்டுப்பட்ட கையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரு கரண்டி கிச்சுரியை அள்ளி நிதாயின் முதுகில் வீசினாள். அவன் கூவிக்கொண்டு விலகினான். அடுத்த கரண்டி தயாராக இருந்தது.

"எவன்டா அடுத்தவன்? மூஞ்சியைக் காட்டு, மூஞ்சியிலயே ஊத்தறேன்!"

யாரும் காட்டவில்லை. ஷிபானி ஓடிப்போய்க் கரையில் ஜோத்ஸ்னாவின் தலைமுடியைப் பிடித்து நிறுத்தினாள். "போறதுன்னா நீ போ. பிள்ளையைக் குடுத்துட்டுப் போ" என்றாள். அந்தக் குரல் தோருலதாவின் குரல் மாதிரியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. வெட்டினவன், வெட்டுப்பட்டவள், தங்கை, பிள்ளை, ஷிபானி எல்லாரும் அதிலேயே ஏறினார்கள். பிஷ்ணுபதன் பலகையில் சாய்ந்து கிடந்தான். முன்பற்கள் போயிருந்தன, ஒரு கண் மூடிக்கொண்டது. தோருலதா கையில் சுற்றிய துணியை ஷிபானி மாற்றி மாற்றிக் கட்டினாள்.

நடு ஆற்றில் போல்ட்டு அழ ஆரம்பித்தான். பசி அழுகை. ருசி கண்டுவிட்டான். ஷிபானி தூக்குச் சட்டியில் கிச்சுரி கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்தவளைத் தோருலதா தடுத்தாள்.

"அவன்கிட்ட குடு."

"யாருகிட்ட தீதி?"

"அந்தக் கடங்காரன்கிட்டதான்."

பிஷ்ணுபதன் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "அதான் ஊட்டியாச்சே. இனி நான் எதுக்கு?"

"மூணு வாய் தின்னான். வயிறு ரொம்பலை. இப்ப நீ ஊட்டலைன்னா உன் தங்கச்சி நாளைக்கும் உனக்காகக் காத்திருப்பா, இவன் பட்டினி கிடப்பான். எந்திரிடா. உனக்குத்தான் பத்து விரலும் இருக்கே."

அவன் எழுந்து உட்கார நேரம் பிடித்தது. ஆற்றில் கை கழுவப் போனவனை ஷிபானி அதட்டினாள். "உப்புத் தண்ணி! பிள்ளை வாயில வைக்கிற கை." குடிதண்ணீரை ஊற்றினாள். ரத்தமும் சேறும் பலகையில் வழிந்தன. ஜோத்ஸ்னா பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். அவன் ஒற்றைக் கண்ணோடு ஊட்டியதில் முதல் கவளம் கன்னத்தில் அப்பியது. இரண்டாவது உள்ளே போனது. போல்ட்டு விடாமல் தின்றான்.

"நான் சாட்சி சொல்லத்தான் போறேன்" என்றாள் தோருலதா. "உன்னை உள்ள வெக்காம விடமாட்டேன்."

"சொல்லு தீதி" என்றான் அவன், தலை நிமிராமல். அடுத்த வாய்க்கு மசித்துக்கொண்டிருந்தான்.