ஊறுகாய் வைத்த மூலை

“…அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. போன்ல நாலு மணிக்கு மழைன்னு போட்டுருக்கான்னா, அது நம்ம ஊரு நேரமா, வெள்ளக்காரன் நேரமா? அத மொதல்ல சொல்லு.”

போன வாரம் செல்வராஜ் அண்ணன் இப்படிக் கேட்டார். அவர் பரமக்குடிக்குப் பக்கத்தில், களத்தில் காயும் மிளகாய்க்கு நடுவில் நிற்கிறார். நான் ஷார்ஜா முவைலாவில், டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் போனுமாக நிற்கிறேன். அவர் ஊரில் மழை வரும் என்று என் போன் காட்டியது, சொல்லி வைப்போமே என்று கூப்பிட்டேன். வேறு யாராவது என்றால் ‘சரிப்பா’ என்று வைத்திருப்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க அண்ணனால்தான் முடியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு ஒரு வாசனையும் வந்தது. மிளகாய் வாசனை இல்லை, பிரிண்டர் மையும் மீன் குழம்பும் கலந்த வாசனை. மஸ்கட்டில், ரூவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் ரூமில் மட்டும் கிடைத்த வாசனை அது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் அங்கே வானிலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறைக்குக் காவல். ஏசி ஓடுகிறதா, பிரிண்டரில் தாள் இருக்கிறதா, எந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். வானிலை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் பேச்சிலிருந்து பொறுக்கியது. அதிகம் பொறுக்கியது சலீமிடம். ஓமான்காரர், டூட்டியில் இருந்து மழையைக் கணிப்பவர். என்னிடம் இந்தியும் அரபியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். ஒருநாள் சொன்னார்: “பாய், இந்த உலகத்துக்கே ஒரு பெரிய படம் இருக்கு. அதுக்குக் கண்ணு மங்கல், நம்ம மலையே அதுல தெரியாது. நம்மகிட்ட இருக்குறது சின்னப் படம். கண்ணு கூர்மை. ஆனா ஜன்னல் வழியா யாராவது எட்டிப் பாத்துச் சொன்னாத்தான் அது வாயத் தொறக்கும்.”

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஒரு சின்ன இடத்தில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் படமாகக் காட்டும் கருவி அது. அந்த இடத்தின் நான்கு ஓரத்திலும் வெளியிலிருந்து என்ன காற்று, என்ன ஈரம் வருகிறது என்று தினமும் சொல்ல ஆள் வேண்டும். அதைச் சொன்னது ஐரோப்பா. அங்கேயும் எந்த நாடும் இதைத் தனியாகச் செய்யவில்லை. சில நாடுகள் கூடி, மேகத்தை ஒருவர், மண்ணை ஒருவர், சரிபார்ப்பதை ஒருவர் என்று கூட்டுச் சமையல் மாதிரி பிரித்துக்கொண்டு அந்தக் கணக்கை எழுதினார்கள். எழுதியதை எங்களுக்கும் கொடுத்தார்கள். பதிலுக்கு நாங்கள் கொடுத்தது வெயில். பாலை மணல் எவ்வளவு சுடும், எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சலீம் தினமும் எழுதி அனுப்புவார்.

அந்தக் கணக்கைத் தாளில் அச்சடித்த பழைய படங்களை அலுவலகத்தில் கழித்துவிடுவார்கள். பெரிய, வழவழப்பான தாள்கள். நான் ரூமுக்குக் கொண்டுவந்துவிடுவேன். சாப்பிட உட்காரும்போது தட்டுக்குக் கீழே விரிக்க அதைவிட நல்ல தாள் கிடையாது. சமையல் செல்வராஜ் அண்ணன். அவர் கான்கிரீட் ஃபோர்மேன், சைட் மலைப்பக்கம். வியாழன் சாயங்காலம் ரூமுக்கு வந்து சனி விடியலில் திரும்பிவிடுவார். அவர் வந்தால் மீன் குழம்பு நிச்சயம். சாப்பிட்டுக்கொண்டே படம் பார்ப்பார். எங்கே கோடு நெருங்குகிறது, எங்கே நீலம் அடர்ந்திருக்கிறது என்று சோற்றை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டார். எல்லாம் கற்றுக்கொண்டார், வலது கீழ் மூலையைத் தவிர. அங்கேதான் படம் எந்த நேரத்துக்கு என்று அச்சடித்திருக்கும். எங்கள் ரூமில் ஊறுகாய் வைக்கும் இடமும் அதுதான்.

அந்த ஐரோப்பியக் கூட்டத்திலிருந்து ஹன்னா என்றொரு அம்மா ஒருமுறை பயிற்சி கொடுக்க மஸ்கட் வந்தார். சலீம் அவரை எங்கள் ரூமுக்கே சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார். தான் எழுதிய கணக்கு தன் தட்டுக்குக் கீழே கிடப்பதை அந்த அம்மா தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு வாய் குழம்பு எடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எங்கள் மழை இவ்வளவு காரமாக இருந்ததே இல்லை” என்றார். அண்ணனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். “இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்றாகளா?” என்று கரண்டியோடு வந்துவிட்டார்.

இந்தச் சிநேகத்துக்கெல்லாம் இடைஞ்சலாக இருந்தது வார விடுமுறை. அப்போது எங்களுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு. அவர்களுக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்காலியில் உட்காருவது திங்கள், செவ்வாய், புதன் மட்டும். மற்ற நாளெல்லாம் ஒருவர் பேச ஒருவர் தூங்குகிற குடித்தனம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் தன் ஆட்களைப் பற்றிப் பேச்செடுத்தார். அவருடைய ஆட்கள் தங்கியிருந்த கேம்ப், மழை வந்தால் மட்டும் ஆறாகிற ஒரு காய்ந்த பள்ளத்தில் இருந்தது. பாலத்துக்குத் தூண் போடும் வேலை. வேலைக்குப் பக்கத்திலேயே கூடாரம். “மலைல கருக்கலா இருக்கு தம்பி. அம்புட்டுப் பயலும் பள்ளத்துக்குள்ள கெடக்கான். நாளைக்கு உங்க படத்தப் பாத்துச் சொல்லு, மேல ஏத்திருவோம்” என்றார்.

சனி காலை அலுவலகம் போனால் சலீம் இல்லை என்று கையை விரித்தார். “மாஃபி, பாய். சின்னப் படம் மாஃபி.” ஐரோப்பாவில் வியாழனன்று கணக்கில் ஏதோ திருத்தம் செய்திருக்கிறார்கள். அறிவிப்பும் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் லீவு. நான்கு ஓரத்துக்கும் அங்கிருந்து வரும் செய்தி புது வடிவில் வந்து கிடக்க, எங்கள் பெட்டிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் இப்போது அவர்கள் லீவு. பெரிய படத்தில் எங்கள் மலை ஒரு மங்கல் கறை. பெய்யும் என்றும் சொல்லலாம், பெய்யாது என்றும் சொல்லலாம்.

அங்கே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்த எல்லோருடைய வீட்டு நம்பரும் அதில் இருக்கும். ‘அவசரத்துக்கு’ என்று ஹன்னா ஒட்டிவிட்டுப் போனது. சலீம் தயங்கினார். நான் விடவில்லை. செல்வராஜ் அண்ணன் ஆட்கள் பள்ளத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் டயல் செய்தார். அந்தப் பக்கம் குழந்தைகள் கத்தும் சத்தம், ஏதோ விருந்து. சலீம் விஷயத்தைச் சொன்னார். ஹன்னா கேட்டது ஒன்றுதான்: “அந்த மீன் குழம்பு மனிதரா?”

அந்த அம்மா விருந்தை விட்டுவிட்டு அலுவலகம் போனார். அந்தச் செய்தியைப் பழைய வடிவுக்கு மாற்றும் வழி அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் பக்கத்து நாட்டில் கடை வாசலில் வரிசையில் நின்றாராம், அவரையும் போனில் பிடித்தார். மத்தியானம் தாண்டி எங்கள் பெட்டி முனக ஆரம்பித்தது. மாலைக்குள் படம் வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, மலை மேல் அடர்ந்த நீலம், அதாவது நல்ல மழை. சலீம் அதை அப்படியே சைட்டுக்கு ஃபேக்ஸ் செய்தார்.

அண்ணன் ஃபேக்ஸைப் பார்த்தார். இத்தனை நாள் தட்டுக்குக் கீழே படித்தவர், யாரிடம் கேட்கப் போகிறார்? முதல்முறையாக ஊறுகாய் இல்லாத மூலை. பன்னிரண்டு என்று போட்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு என்று முடிவு கட்டிவிட்டார். அது லண்டன் பக்கத்து நேரம், நாலு மணி நேரம் கூட்டினால்தான் எங்கள் நேரம் என்பது அந்த மூலையைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலையே ஆட்கள், பாய், பாத்திரம், மிக்ஸர் எல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டன. பன்னிரண்டானது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றானது. சைட் என்ஜினீயர் எகிப்துக்காரர், வானத்தை அண்ணாந்து பார்த்து, “செல்வராஜ், உன் மழை லீவில் போய்விட்டதா?” என்றார். ஆட்களே கிண்டல் செய்தார்கள். “அண்ணே, குடை பிடிக்கவா, விசிறி பிடிக்கவா?” கான்கிரீட் லாரி காத்து நின்றது. இறங்கு என்றார் என்ஜினீயர். அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. “ஒரு டீ குடிச்சிட்டு எறங்கிருவோம் சார்” என்றார். குடித்தார்கள். “வெயிலு ஓவரா இருக்கு, இன்னொரு டீ சார்” என்றார். சார்ஜரை விட்டுவிட்டேன் என்று இறங்கப் போன ஒருவனைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். வேலை போனாலும் போகட்டும் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். மூன்றாவது டீ கொதிக்கும்போது லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி மேலே சத்தம் கேட்டது. அவர்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. மலையில் பெய்தது பள்ளத்தில் சுவராக வந்தது. மணி மூன்றுதான் ஆகியிருந்தது. கூடாரம் கட்டிய கம்பிகூட மிஞ்சவில்லை. ஆட்கள் அத்தனை பேரும் மேட்டில், கையில் டம்ளரோடு. என்ஜினீயர் தனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டாராம்.

சலீம் இதைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “படம் ஒரு மணி நேரம் தப்பு. உன் அண்ணன் நாலு மணி நேரம் தப்பு. ரெண்டு தப்பும் சேந்து அத்தனை பேரும் பிழைச்சாங்க. கலாஸ், அவ்வளவுதான்.” நான்கு மணிதான் என்று சரியாகப் படித்திருந்தால், மூன்று மணிக்கு எல்லோரும் மூட்டையோடு பள்ளத்துக்குள் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஹன்னாவுக்குத் தகவல் போனது. தண்ணீர் எப்போது வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அண்ணனிடம் கேட்டு அனுப்பச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அத்தனை நாட்டுக்காரர்களும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, மலையில் மேகம் எழும்பும் கணக்கைத் திருத்தினார்களாம். அந்த நாளுக்கு அவர்களுக்குள் ‘மீன் குழம்பு நாள்’ என்று பெயர். அதற்குப் பிறகு எந்தத் திருத்தமும் திங்கள்கிழமைதான், இரண்டு பக்கமும் விழித்திருக்கும்போதுதான்.

இன்று அந்த வியாழன் வெள்ளி விடுமுறை இல்லை. தாளில் அச்சடிப்பதும் இல்லை. எங்கள் ரூம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சலீம் ஓய்வு பெற்று ஈச்சந்தோப்பில் இருக்கிறார். சுவரில் வீட்டு நம்பர் ஒட்டுவதும் போயிற்று. இப்போது பெட்டியும் பெட்டியும் ஆளைக் கேட்காமல் பேசிக்கொள்கின்றன. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. யாரோ பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதியது பரமக்குடி மிளகாய்க்களம் வரை வந்து நாலு மணி என்று சொல்கிறது. ஆனால் ‘மீன் குழம்பு மனிதரா?’ என்று அது கேட்பதில்லை.

“என்ன தம்பி, லைன்ல இருக்கியா? எந்த நேரம்?”

“நம்ம ஊரு நேரம்தாண்ணே. சாயங்காலம் நாலு மணி. இப்ப பத்துதான் ஆகுது.”

“சரி” என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பி டீ போடச் சொன்னார். பிறகு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார் போல, கொளுத்துகிற வெயிலில் தார்ப்பாயை இழுத்து மிளகாயை மூடும் சத்தம் கேட்டது.