பெரட்டுக்களத்தில் அளந்த ஒயில்

போன மாதம் திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா வந்ததால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. கொழும்பிலிருந்து பதுளை வரை என் பழைய டர்போ காரில் போய்வந்தோம். வயதான காரை வைத்துக்கொண்டு ஊவா மலைக்குப் போக நினைப்பவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அருவியும் பாலமும் பார்க்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இதில் பெரும்பாலும் ஒயில்தான் இருக்கிறது.

உண்மையில் நாங்கள் போனது காரை விற்க. அதற்கு இருபத்தாறு வயது. இரண்டு லீட்டர் எஞ்சின், மேட்டில் மிதித்தால் இன்றைக்கும் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆறு மாதமாக ஒயில் ஒழுக்கு. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முற்றத்தில் கறுப்புக் கறை விழ, வீட்டுக்காரர் இரண்டு தடவை முகத்தைச் சுளித்துவிட்டார். இரண்டு கராஜில் காட்டினேன். ஒருவர் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார், மற்றவர் கையை விரித்தார். என் மனைவி கலா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "ஒண்ணு ஒழுக்க நிப்பாட்டுங்க, இல்ல வித்துருங்க."

பதுளையில் ஒருவர் விளம்பரம் பார்த்துப் பேசினார். ஞாயிறு பதினொரு மணிக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காரைப் பார்ப்பதாக ஏற்பாடு. கலாவின் அம்மா வீடு பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. சனி இரவு அங்கே தங்கி, மறுநாள் காரைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்புவது திட்டம். எனக்கோ விற்க மனமே இல்லை. நான்கு வருடமாகப் பிள்ளை மாதிரி பார்த்த வண்டி. கலாவுக்கு லைசன்ஸ் இருந்தும் ஒரு நாள்கூடச் சாவியைக் கொடுத்ததில்லை. கிளச் பாரம், உனக்குக் கால் வலிக்கும் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுவேன்.

சனி அதிகாலை 4.40க்குப் புறப்பட்டோம். பலாங்கொடையில் 8.10. இடியப்பமும் பருப்பும் சம்பலும் தேநீரும் இருவருக்கு 920 ரூபாய், குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் ஏற்றம். 172ஆவது கிலோமீற்றரில், ஹல்துமுல்லைக்குக் கிட்ட, கருகிய வாசனை வந்தது. ஓரங்கட்டி பொனற்றைத் தூக்கினால், எஞ்சினின் மேல்மூடியிலிருந்து ஒயில் கசிந்து, கொதிக்கும் சைலன்சர் குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன். கீழ்க் கோட்டையே ஒயில் தொடவில்லை. கையோடு கொண்டுவந்த ஒரு லீட்டரையும் ஊற்றினேன்.

ஹப்புத்தளைக்கு ஏறும் வழியில் மறுபடி நிறுத்திப் பார்த்தேன். மறுபடியும் குறைவு. பண்டாரவளையில் ஒயில் வாங்கப் போன கடையில், முதலாளி நானா காரை எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன போத்தல்? ரெண்டு போதுமா?" என்று அனுதாபமாகக் கேட்டார். ஒரு லீட்டர் 3,200 ரூபாய், இரண்டு வாங்கினேன். கடை வாசலில் ஒன்றை ஊற்றினேன். பூனாகலை ஏற்றத்தில் பாதிப் போத்தல். அதற்குள் பின்னால் நீலப் புகை வேறு கிளம்பிவிட்டது. நான் ஊற்ற ஊற்ற ஒழுக்கும் கூடிக்கொண்டே போனது. கலா கண்ணாடியை ஏற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு மணிக்கு வீடு சேர்ந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கும் சரிவான பாதையில் காரை நிறுத்தினேன். சாயங்காலம் கலாவின் அண்ணன் சிவகுமார் வந்தார். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஓய்வு நாளில் சொந்த ஆட்டோவில் ஹயர் போவார். காருக்கடியில் குளமாகக் கிடந்த ஒயிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு ஊத்துனீங்க மாப்ள?"

"ரெண்டரை லீட்டர்."

"எஞ்சின் புடிக்கிறதே எவ்வளவு?"

"நாலரை."

"வழியில எங்கெங்க நிப்பாட்டிப் பாத்தீங்க?"

சொன்னேன். ஒவ்வொரு இடத்தைச் சொல்லும்போதும் தலையை ஆட்டினார். பிறகு சிரித்தார். "அத்தனையும் மேடுங்க. நீங்க கார மேல பாக்க நிப்பாட்டியிருக்கீங்க. ஒயில் எல்லாம் பின்னுக்குப் போயிரும், கம்பி முன்னுக்கு இருக்கு. நிப்பாட்டுன உடனே வேற பாத்திருப்பீங்க. காலையில பெரட்டுக்களத்துக்குக் கொண்டு போவோம். இந்தத் தோட்டத்துல சமமான தரை அது ஒண்ணுதான். நான் தெனம் லொறிக்கு ஒயில் பாக்குறதே அங்கதான்."

காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடம்தான் பெரட்டுக்களம். ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. 6.30க்குக் காரை நிறுத்தி, சிவகுமார் சொன்னபடி பத்து நிமிடம் காத்திருந்து கம்பியை உருவினோம். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில்! நான் ஊற்றிய மிச்ச ஒயில்தான் எஞ்சினுக்குள் நுரைத்து, கிடைத்த இடுக்கிலெல்லாம் வெளியே வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஒழுக்கைப் பெரிதாக்கியது கார் இல்லை, நான்தான்.

சிவகுமார் அடி நட்டைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றேமுக்கால் லீட்டரை வெளியே எடுத்தார். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் பேக்கிங் வறண்டு, பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது. ஆறு மாத ஒழுக்குக்கு அதுதான் காரணம். துடைத்து, லொறிக்கென்று வைத்திருந்த 950 ரூபாய் கறுப்பு சிலிக்கன் பசையைப் பூசி மூடினார். அது காய ஒன்றரை மணி நேரம்.

9.10க்கு எஞ்சினைக் கிளப்பினோம். சொட்டவில்லை. "ஓட்டத்துல புகை வருதான்னு பின்னால இருந்து பாக்கணும். நீங்க என்கூட ஆட்டோவுல வாங்க. தங்கச்சி ஓட்டட்டும்" என்றார். மறுக்க எனக்கு வழியே இல்லை. கலா கையை நீட்டினாள், சாவியைக் கொடுத்தேன்.

முதல் மூன்று வளைவில் புகை இல்லை. நான்காவது வளைவில் கார் இல்லை. தேயிலைச் சரிவில் எங்கோ கீழே டர்போ விசில் மட்டும் கேட்டது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புகை வருதா மச்சான்?" என்று கேட்டேன்.

"காரே தெரியல, புகைய எங்க பாக்குறது?"

பண்டாரவளையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவள் காரைச் சமதரையில் நிறுத்தி, கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரியா நடுவுல நிக்குது" என்றாள். முகம் உற்சாகத்தில் சிவந்திருந்தது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்தது குறைவு. சிவகுமார் விடைபெற்றார். நான் ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போனேன். அவள் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

பண்டாரவளையிலிருந்து ஹாலிஎல வழியாகப் பதுளை முப்பது கிலோமீற்றர். இடப்பக்கம் உட்கார்ந்து வந்ததில் மலையையும் தண்டவாளத்தையும் ஆற அமரப் பார்த்தேன். இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் ரோட்டும் ஒயில் எச்சரிக்கை விளக்கும்தான். பதினொரு மணிக்கு வாங்க வந்தவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், குனிந்து அடியைப் பார்த்தார், "எனக்குப் புடிச்சிருக்கு, எடுக்கிறேங்க" என்றார்.

"மன்னிச்சிக்கங்க, விக்கல" என்றாள் கலா.

அவர் என்னைப் பார்த்தார். "ஃபோன்ல நீங்க சரின்னீங்களே?"

"அப்ப நான் ஓட்டிக்கிட்டிருந்தேங்க" என்றேன். பாவம், மனிதர் சிரித்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பலாங்கொடையைத் தாண்டினால் சமதரை லேசில் கிடைக்காது. பெற்றோல் நிலையம், பள்ளிக்கூட மைதானம் என்று தேடி நிறுத்துங்கள். பத்து நிமிடம் பொறுத்து அளவு பாருங்கள். குறைந்தால் கால் லீட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். சூடான குழாயில் ஒயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும், அதோடு ஓட்டவே வேண்டாம். நான் ஓட்டியது முட்டாள்தனம். சிலிக்கன் தற்காலிகம்தான், ஊர் திரும்பியதும் புதுப் பேக்கிங் போட்டுவிட்டேன். முற்றம் இப்போது சுத்தமாக இருக்கிறது.

திங்கட்கிழமை திரும்பும்போது ஹப்புத்தளை வளைவுகள், பெரகலை இறக்கம் எல்லாம் அவள்தான். அவிசாவளைக்குக் கிட்ட வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் ஓரங்கட்டி, "கிளச் பாரமா இருக்கு, கால் வலிக்குது. இனி நீங்க ஓட்டுங்க" என்று இறங்கிவிட்டாள். அங்கிருந்து வீடு வரை இரண்டே கால் மணி நேரம், முதல் கியரிலேயே வந்தேன்.